மொசைக் தரையில் வைக்கோல்

பனிக்காலத்தில் எங்கள் வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மார்கழி பிறந்துவிட்டால் காலை எட்டு மணி வரைக்கும் மொசைக் கல் உள்ளங்காலைக் கடிக்கும். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான்தான் அந்தத் தரையைப் போட்டேன். உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் எங்கள் ஆட்களில் முதலில் மொசைக் போட்டவன் நான்தான் என்று அப்போது சொன்னார்கள். உண்மையா என்று தெரியாது. கேட்பதற்கு எனக்குப் பிடித்திருந்தது.

நான் பிறந்தது திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், ஒற்றை அறைக் குடிசையில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கழனி வேலை. பனி இறங்கத் தொடங்கினால், அறுப்புக் கூலியோடு கிடைத்த வைக்கோலை மண் தரையில் முழங்கால் உயரம் பரப்பி, மேலே கோணி விரித்து, ஆறு பேரும் அதில்தான் படுப்போம். கதகதப்பாகத்தான் இருக்கும். பொய் சொல்லக் கூடாது, அதைவிடக் கதகதப்பான படுக்கையில் நான் இன்றுவரை படுத்ததில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில், என் சட்டையில் வைக்கோல் வாசனை வருகிறதென்று பக்கத்தில் இருந்தவன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான். அன்றைக்கே எனக்கு அந்தக் கதகதப்பு கசந்துவிட்டது. படித்தேன். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. காலனிக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி வீடு கட்டினேன். என் தம்பி காலனியிலேயே, அப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டான்.

எனக்கு ஒரே மகன். தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறான். கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் அவன் இந்த வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. காலையில் வருவான், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவான். நான்கு வருடங்களுக்கு முன் அவன் அம்மா இறந்தபோதுகூட, அடக்கம் முடிந்து, என் தம்பி வீட்டில்தான் போய்ப் படுத்தான். காரணம் எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மருமகளின் அம்மாவுக்கு ஆபரேஷன். மருமகள் மருத்துவமனையில் துணைக்கு இருந்தாள். பிள்ளைகளுக்கோ அரையாண்டு விடுமுறை. வேறு வழியில்லாமல், கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிரியாணி ஆனதும், மகன் அவர்களை என்னிடம் விட்டான். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு.

“எட்டு நாள்தான். ஒத்துக்கலன்னா போன் பண்ணுங்க, வந்து இட்டுனு போயிடறேன்” என்றான்.

“ஏன் ஒத்துக்காமப் போறாங்க?” என்றேன்.

அவன் குனிந்து, பையனுக்கு சாக்ஸ் போட்டுவிட்டான். “இவனுக்கு அப்பப்ப மூச்சு இளைக்கும். பம்ப் பையில கீது” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

எட்டு நாளும் அந்தப் பிள்ளைகள் இந்த வீட்டில் இருக்க வேண்டும், போகும்போது மறுபடி வருகிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஆசை இல்லை. அவர்கள் வந்தால் அவனும் வருவான்.

மறுநாள் காலையிலேயே அந்த ஆசையில் மண் விழுந்தது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பேத்தி என் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

“அப்பா, இங்க தரை ஃப்ரிட்ஜ் மாதிரி கீதுப்பா. தம்பி செருப்பு போட்டுக்கினே சாப்பிட்டான். தாத்தா பேசவே மாட்றாரு. பேப்பர் படிச்சிக்கினே கீறாரு. நாளைக்கு வரியா?”

நான் பாலை இறக்கி வைத்தேன். பேசாமல் இருந்தேன் என்று அவள் சொன்னது முழு உண்மையல்ல. முதல் நாள் மாலை இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டிருந்தேன். பிள்ளைகளிடம் பேச எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “லீவு தாத்தா” என்று பேத்தி சொன்னதும் எனக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று.

அன்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி அவித்துக் கொடுத்தேன். பேரன் பாதி தின்றுவிட்டு மீதியைக் கையில் வைத்துச் சூடு காய்ந்தான். மாலையில் அவர்களை எங்கள் கோயிலுக்கு அழைத்துப்போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் குடில் வைத்திருந்தார்கள். குழந்தை இயேசுவைப் புது வைக்கோலில் கிடத்தி, பச்சைப்பசேலென முளைத்த கேழ்வரகுத் தட்டுகளை முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பேத்தி வெகு நேரம் பார்த்தாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“தாத்தா, ஏசப்பாவுக்கு மட்டும் வைக்கல் மெத்தை, எங்களுக்கு மொசைக்கா?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எனக்குப் பின் வரிசையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். “கேளு கண்ணு, நல்லா கேளு. உங்க தாத்தா ஃபைல் போட்டு, அடுத்த மாசம் பதில் சொல்லுவாரு” என்றான். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு வரவில்லை.

என் மகனுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். இதே போல மார்கழி. அவன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் தம்பி வீட்டுக்கு ஓடிவிடுவான். அங்கே தம்பியின் பிள்ளைகளோடு வைக்கோலில் புரண்டு, கதை கேட்டு, அங்கேயே தூங்கிவிட்டுக் காலையில் வருவான். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். ஒரு நாள் காலை, ஆபீசில் என்னோடு வேலை செய்த ஒருவர், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போகலாம் என்று ஸ்கூட்டரில் வந்திருந்தார். நாங்கள் வாசலில் நிற்கும்போது மகன் ஓடிவந்தான். அவர் குனிந்து, அவன் தலையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து என்னிடம் காட்டி, “என்ன சார், பையன் மாட்டுக் கொட்டாயில தூங்கிட்டு வரானா?” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டவரல்ல. நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

கல்யாணம் முடிந்து வந்து, அன்று மாலை, என் மகனை அடித்தேன். மர ஸ்கேலால் அடித்தேன். ஸ்கேல் உடைந்த பிறகு கையால் அடித்தேன். வைக்கோல் வாசனை போகட்டும் என்று குழாயடியில் நிறுத்திப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். பல் கிடுகிடுக்க, “ஏம்பா அடிக்கற?” என்று கேட்டான். “சொல்லாமப் போனதுக்கு” என்றேன். அது பொய். அதோடு விடவில்லை. காலனிக்குப் போய், தம்பி வாசலில் நின்று, “எம் புள்ளைய மாடு மாதிரி வளக்காத” என்று நான்கு பேர் கேட்கக் கத்தினேன். அன்று முதல் தம்பி என் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் பேசுவான், கேட்டுக்கு வெளியே நின்றபடி. மகன் அதற்குப் பிறகு மொசைக் தரையில் பாயும் போர்வையும் போட்டுப் படுத்துக்கொண்டான். எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கோயிலுக்குப் போய் வந்த மறுநாள் நான் வைக்கோல் வாங்கினேன்.

தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருக்கிறான், வாசலில் போரே போட்டு வைத்திருக்கிறான். ஆனால் அவனிடம் போய் வைக்கோல் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ரோட்டோரத்தில் மாட்டுக்காரர்களுக்காக, மிஷின் சுற்றிய வைக்கோல் உருளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து ஹாலில் உருட்டினேன்.

பிள்ளைகள் போட்ட கூச்சலை இதற்கு முன் அந்த வீடு கேட்டதில்லை. கயிற்றை அறுத்ததும் உருளை பாய் மாதிரி விரிந்தது. குதித்தார்கள், வாரி இறைத்தார்கள், என் தலையிலும் போட்டார்கள். பேத்தி ஜன்னல் கம்பிக்கும் நாற்காலிக்கும் நடுவே போர்வையைக் கட்டி டென்ட் என்றாள். அதற்குள் போன் டார்ச்சை வைத்து, சுவரில் கையால் நாய், முயல் எல்லாம் விட்டார்கள். வேர்க்கடலை வறுத்துக் கொண்டுபோனேன். பேரன் வைக்கோலுக்குள் முழுக்கப் புதைந்துகொண்டு, “தாத்தா, நான் எங்க கீறேன் சொல்லு” என்றான். நான் கதவுக்குப் பின்னால் தேடினேன், பீரோவுக்குள் தேடினேன், சர்க்கரை டப்பாவைத் திறந்தும் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். கடைசியில் அவன் தும்மினான். தும்மலை வைத்துக் கண்டுபிடித்தேன். நானும் தும்மினேன். மூவரும் சிரித்தோம்.

இரவு ஏழரை மணிக்குப் பேத்தி அப்பாவுக்குப் போன் போட்டாள். “நீ வராதப்பா. இங்க செமயா கீது. ஏன்னு சொல்ல மாட்டேன், சீக்ரெட்.”

அன்று இரவு பிள்ளைகள் வைக்கோலிலேயே தூங்கினார்கள். விடிந்தபோது பேரனுக்கு மூச்சு இளைத்தது. நெஞ்சு கீச்சு கீச்சென்றது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன.

“தம்பிக்குத் தூசி ஆவாது தாத்தா. அம்மா எப்பவும் சொல்வாங்க” என்றாள் பேத்தி.

“நேத்தே ஏம்மா சொல்லல?”

“நீ கேக்கலியே.”

பம்பை எடுத்து இரண்டு முறை அடித்தோம். முழுக்கக் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். அந்தச் சின்னக் கை என் விரலைப் பிடித்தபடியே இருந்தது. அரை மணி நேரத்தில் மூச்சு சீராகிவிட்டது. டாக்டரம்மா, வீட்டில் புதிதாக என்ன தூசி என்று கேட்டார். சொன்னேன். “ஈரத்துல கட்டுன வைக்கோல்ல பூஞ்சை இருக்கும் சார். படிச்சவர் மாதிரி தெரியறீங்க” என்றார். தலை குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் பேத்தி என் காதோடு சொன்னாள்: “அப்பாகிட்ட சொல்லாத தாத்தா. சொன்னா இட்டுனு பூடுவாரு.”

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பையன் சரியாகிவிட்டான், சிரிக்கிறான். இன்னும் ஐந்து நாள் பாக்கி இருக்கிறது. ஒரு பொய் போதும். ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்வரை அந்தப் பொய் என் வாயில் இருந்தது. இறங்கியதும் மகனுக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். “வரேன்” என்று வைத்துவிட்டான்.

அவன் வருவதற்குள் வைக்கோலை எல்லாம் வாரித் தோட்டத்தில் கொட்டி, ஹாலை இரண்டு முறை ஈரத் துணியால் துடைத்தேன். அவன் வந்ததும் நேராகப் பையனிடம் போய், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். பையன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். பிறகு தோட்டத்துக்கு வந்து, வைக்கோல் குவியலைப் பார்த்தபடி நின்றான்.

“வைக்கல்ல படுக்க வெச்சீங்களா? நீங்களா?”

“நான்தான்.”

“என்னை அடிச்சீங்களே.”

அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு நீ சொல்லாமப் போனதுக்கு அடிக்கலப்பா” என்றேன். ஸ்கூட்டரில் வந்தவரைப் பற்றிச் சொன்னேன். அவர் எடுத்துக் காட்டிய துரும்பைப் பற்றி, சேர்ந்து சிரித்ததைப் பற்றி, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோறு இறங்காமல் இருந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். “எனக்கு வெக்கமா இருந்தது. அதுக்குத்தான் அடிச்சேன். உன் மேல தப்பே இல்ல” என்றேன்.

அவன் காலால் வைக்கோலைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

“பச்சை ஸ்கூட்டர்காரரா?”

“ஆமா.”

“அவரு எனக்கு அன்னைக்குச் சாக்லேட் குடுத்தாரு” என்றான். குனிந்து ஒரு துரும்பை எடுத்தான். “இத்தனை வருஷமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? தெனமும்தான் அங்க படுத்தேன், அன்னைக்கு மட்டும் அடிச்சீங்க. சித்தப்பா வூட்ல எதையோ திருடிட்டேன்னு யாரோ உங்ககிட்ட சொல்லிட்டாங்கன்னு. எதைத் திருடுனேன்னு நானே தேடிக்கினு இருந்தேன்.”

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவன் பசிக்கிறது என்று சொல்லி, சித்தப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான். அவனுக்காக வைத்த சோறு குக்கரிலேயே இருந்தது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவன் உரிமை.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தான், தம்பியையும் கூட்டிக்கொண்டு. தம்பி வழக்கம்போல கேட்டில் நின்றுவிட்டான்.

“உள்ள வா” என்றேன்.

“காலு கழுவினு வரணுங்களா சார்? மொசைக் அழுக்காயிடும்.”

“வாடா.”

வந்தான். மண் காலோடுதான் வந்தான், வேண்டுமென்றே நான்கு இடத்தில் மிதித்துக் காட்டினான். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தோட்டத்தில் ஒரு பிடி வைக்கோலை எடுத்து முகர்ந்தான். “த்தூ! மிஷின் கட்டு. மழையில நனைஞ்சத சுத்தி வெச்சிக்கிறான். இத மாடே துன்னாது, கொயந்தைய படுக்க வெச்சிக்கிறியே!”

“எனக்குத் தெரியலடா.”

“தெரியலன்னா கேக்கறது. பேனா புடிச்ச கைக்கு வாயி இல்லியா?”

பிறகு அவனே எல்லாம் சொன்னான். படுக்கிற வைக்கோல் என்றால் கையால் கதிரடித்த வைக்கோல் தாளாக இருக்க வேண்டும். போரின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுக்காமல், நடுவிலிருந்து உருவ வேண்டும். இரண்டு வெயில் காயவைத்து, உதறி உதறித் தூசி போக்கி, அதற்குப் பிறகுதான் பரப்ப வேண்டும். நானும் அதில் படுத்து வளர்ந்தவன்தான். படுத்தேனே தவிர, அப்பா அதை எப்படிப் போட்டார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

“எப்படிக் காயவெச்சாலும் சின்னவனுக்கு ஆவாது” என்றான் மகன். “வைக்கல் வூட்டுக்குள்ள வரவே வாணாம்.”

பேரன் அழ ஆரம்பித்தான். “எனக்கு டென்ட்டு?”

மகன் தோட்டத்திலிருந்து நான்கு கழிகள் எடுத்துவந்தான். பிறகு கட்டிலின் நான்கு காலிலும் கழி கட்டி, மேலே போர்வையைப் போட்டு, பையனுக்குக் கட்டில் மேலேயே டென்ட் போட்டான். முடிச்சுகளை அவன் போட்டான், நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். மெத்தைக்கு மேலே துவைத்த கம்பளி. கீழே கால் வைக்க, என் மனைவியின் பழைய புடவைகளை நான்காக மடித்து, கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் பாதை போட்டோம். பேரன் அந்தப் பாதையில் ஏழு தடவை குளியலறைக்குப் போய்வந்தான். நான்கு வருடங்களாக இந்தப் புடவைகள் பீரோவில்தான் இருந்தன.

“அப்போ எனக்கு?” என்றாள் பேத்தி. “எனக்கு வைக்கல்தான் வேணும். நான் தும்மவே இல்ல.”

“சனிக்கிழம” என்றான் மகன். “கிரில் போட்ட வராண்டாவுல போடலாம். சின்ன தாத்தா காயவெச்சுக் குடுப்பாரு. நான் சனிக்கிழம சாயங்காலம் வரேன். ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சி போலாம்.”

அவன் சொன்னதை நான் மனதுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம், பிறகு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு இரவு இருக்கிறது. எங்கே படுப்பாய் என்று கேட்கவில்லை. கேட்டால் தம்பி வீடு என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

சனிக்கிழமைக்கு இருந்த இரண்டு நாளும் தம்பி, தன் போரிலிருந்து உருவிய வைக்கோலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்தான். பனி விலகி வெயில் ஏறும்வரை காத்திருந்து, பிரித்துப் போடுவான். மாலை ஈரம் இறங்குமுன் சுருட்டித் தார்ப்பாயால் மூடுவான். பேத்தி அவனோடு ஏறி நின்று உதறினாள். பேரன் கட்டில் டென்ட்டுக்குள்ளிருந்து எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டான். அவன் ராஜா, நான் காவல்காரன். காவல்காரன் கடலை கொண்டுவர வேண்டும், மிளகுப் பால் கொண்டுவர வேண்டும், தூங்கக் கூடாது. வாய்ப்பாடு கேட்டால் சிறை.

சனிக்கிழமை காலை மாடிக்குப் போனேன். தம்பி நிமிர்ந்து பார்த்து, “பொண்ணு ஒருத்திக்குத்தானா, ரெண்டு பேருக்கா? ரெண்டு பேருன்னா, வூட்ல காஞ்சது இன்னொரு கட்டு கீது, எடுத்தாரேன்” என்றான்.

“தெரியல.”

“தெரியலன்னா...” என்று ஆரம்பித்தான். முடிப்பதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன்.

மகன் வேலையில் இருந்தான். பின்னால் ஏதோ மிஷின் சுற்றுகிற சத்தம். கேள்வியை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆபீசில் அதிகாரிகளிடம்கூட அப்படிப் பேசத் தயங்கியதில்லை.

“இன்னிக்கி ராத்திரி எங்கப்பா படுப்ப? ஹால்லயா, வராண்டாவுலயா... இல்ல, சித்தப்பா வூட்லயா? எதுன்னாலும் சரி. ஏற்பாடு பண்ணத்தான் கேக்கறேன்.”

பின்னால் சுற்றிய மிஷினை அவன் நிறுத்துவது கேட்டது.  

“சித்தப்பா நல்லா ஒதறிட்டாரா?” என்றான்.

“ரெண்டு நாளா ஒதறிக்கினு கீறாரு.”

“வராண்டாவுலயே போடுங்க. கோணி ரெண்டா போடச் சொல்லுங்க. ஒண்ணு போட்டா முதுகைக் குத்தும்.”

தம்பியிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு கட்டு எடுத்துவரக் காலனிக்குக் கிளம்பினான். நான் கீழே வந்து கோணி தேடினேன். எங்கள் வீட்டில் கோணி கிடையாது. வீடு கட்டிய நாளிலிருந்து நான் அதை உள்ளே விட்டதில்லை. வாசலுக்கு ஓடிப்போய், அவன் தெருமுனை திரும்புவதற்குள் கூப்பிட்டு, கோணியும் வேண்டும் என்று கேட்டேன்.